கிளட்ச் இதுவரை செய்துவந்த வேலை

தக்கலை

அன்பு மக்கா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டும் நின்று கிடக்கிறது. நீ கேட்டதற்கு நிதானமாகவே எழுதுகிறேன்.

உன் 1/5 அளவு ரிமோட் காரிலிருந்து 26 சிசி பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி பிரஷ்லெஸ் மின்மோட்டார் வைக்கலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வைக்கலாம். ஆனால் எந்த மோட்டார் என்பதற்கு முன்னால் கிளட்சை யோசி. பெட்ரோல் வண்டியில் சுற்று ஏறிய பிறகுதான் கிளட்ச் ஷூ விரிந்து பெல்லைப் பிடிக்கும். பிடிக்கும் முன் கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கல்தான் இவ்வளவு நாளும் டிஃபரன்ஷியலையும் (இரு சக்கரங்களுக்கும் சக்தியைப் பிரிக்கும் கியர்த் தொகுதி) அச்சுகளையும் காப்பாற்றி வந்தது. மோட்டாரில் கிளட்ச் இல்லை; நின்ற இடத்திலேயே முழு முறுக்கு விசையும் வந்துவிடும். கன்வெர்ஷன் செய்த வண்டிகளில் டிஃப் பல் தெறிப்பதும் அச்சு முறுகுவதும் பெரும்பாலும் இதனால்தான். அதனால் பிளாஸ்டிக் ஸ்பர் கியரை (பெரிய பல்சக்கரம்) ஸ்டீலுக்கு மாற்று. முறுக்கு அளவு மீறினால் வழுக்கிக் கொடுக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் கிடைத்தால் அதைப் போடு. கிடைக்காவிட்டால் மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியான இ.எஸ்.சி.யில், கிளம்பும் பாய்ச்சலைத் தீர்மானிக்கும் 'பஞ்ச்' அளவை மிகக் குறைவாக வைத்துத் தொடங்கு.

இனி மோட்டார். 56 முதல் 58 மில்லிமீட்டர் விட்டம், 110 மில்லிமீட்டருக்கு மேல் நீளம், 8 மில்லிமீட்டர் ஷாஃப்ட், 800 கேவி (பாரமில்லாமல் ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்று) அளவில் ஒன்று போதும். பேட்டரி 8எஸ், அதாவது தொடராக எட்டு செல்: நாலு நாலு செல் உள்ள இரண்டு 4எஸ் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி. 6எஸ் மலிவு என்று போகாதே. 3000 வாட் இழுக்கும்போது 6எஸ்ஸில் 135 ஆம்பியர் ஓடும், 8எஸ்ஸில் 101 ஆம்பியர்தான். கம்பியிலும் கனெக்டரிலும் வரும் சூடு ஆம்பியரின் வர்க்கப்படி ஏறும். ஆக அதே வேலைக்கு 6எஸ்ஸில் ஏறக்குறைய 1.8 மடங்கு சூடு. இ.எஸ்.சி. 8எஸ் தாங்குவதாக, 150 ஆம்பியருக்குக் குறையாததாக இருக்கட்டும்.

கியர் கணக்கை வாங்கும் முன்னே போட்டுவிடு. பின்சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரு முழுச் சுற்று சுற்று. கிளட்ச் பெல் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணு. அதுதான் உன் வண்டியின் மொத்த விகிதம். டயர் விட்டம் 17 செ.மீ. என்றால் சுற்றளவு 53.4 செ.மீ. மணிக்கு 60 கிலோமீட்டர் போக சக்கரம் நிமிடத்துக்குச் சுமார் 1870 சுற்று சுற்ற வேண்டும். 800 கேவி மோட்டார் 29.6 வோல்ட்டில் சும்மா ஓடினால் 23,680 சுற்று, பாரத்தில் சுமார் 20,100. அப்படியானால் விகிதம் 10.75 வேண்டும். உனக்கு 8.5 என்று வந்து, இப்போது பினியன் (ஸ்பர் கியரை ஓட்டும் சின்னக் கியர்) 17 பல் என்றால், 13 பல்லுக்கு இறங்கு. 60 போதாது என்று உனக்குத் தோன்றும். முதலில் அதில் ஓட்டு. பல் கூட்டியவுடன் மோட்டார் சூடு கூடும், அதை நீயே தொட்டுப் பார்ப்பாய்.

மாட்யூல் (பல்லின் அளவைச் சொல்லும் எண்) தெரியாவிட்டால் கியரின் வெளி விட்டத்தைப் பல் எண்ணிக்கையோடு இரண்டைக் கூட்டி வகு. 1.5 மாட்யூலில் 13 பல்லுக்கு 8 மில்லிமீட்டர் துளை போட்டாலும் சுவர் நிற்கும். 1 மாட்யூலில் சுவர் ஒன்றேகால் மில்லிமீட்டர்தான் மிஞ்சும். பினியனை ஷாஃப்ட்டில் இறுக்கும் கிரப் ஸ்க்ரூவுக்கு அங்கே இடமே இல்லை. அதை லேத்தில் துளைக்கக் கொடுக்காதே.

கழற்றும்போது டேங்க்கைக் காலி செய்து வெயிலில் திறந்து வை. பெட்ரோல் வாசனை இருக்கிற இடத்தில் லிப்போ சார்ஜ் போடவே கூடாது. சேஸியில் படிந்திருக்கும் டூ-ஸ்ட்ரோக் எண்ணெயை மண்ணெண்ணெயில் துடைத்து, பிறகு பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுக் கழுவு. எண்ணெய் இருந்தால், திருகு தளராமல் ஒட்டும் திரெட் லாக்கர் பிடிக்காது. நீலம் போதும், சிவப்பு வேண்டாம்.

மோட்டார் மவுண்ட் 6 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ எந்த லேத்துப் பட்டறையிலும் வெட்டித் தருவார்கள். துளைகளை வட்டமாக விடாமல் நீளவாக்கில் வெட்டச் சொல், அப்போதுதான் பல் இடைவெளி சரிசெய்ய முடியும். முன்முகத்தை மட்டும் பிடித்தால் முறுக்கில் மோட்டார் சாய்ந்து பினியன் ஓரம் தேயும். பின்பக்கத்துக்கும் ஒரு கிளாம்ப் போடு. இன்னொன்று முக்கியம், கேட்டியா? மோட்டார் முகத்தில் போடும் திருகு நீளமானால் உள்ளே போய் காயிலைத் தொடும், முதல் ஓட்டத்திலேயே ஷார்ட் ஆகும். தகட்டின் கனத்தையும் மோட்டார் துளையின் ஆழத்தையும் அளந்து, துளைக்குள் ஒரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கும்படி திருகைத் தேர்ந்தெடு. இடைவெளிக்கு, நோட்டுத்தாளை இரண்டாக மடித்துப் பல்லுக்கு நடுவே விட்டு, மோட்டாரை நெருக்கி இறுக்கு. பிறகு சுற்றித் தாளை எடு. ஸ்பர் கியரை நாலு இடத்தில் சுற்றிப் பார். ஓர் இடத்தில் இறுக்கமும் மறு இடத்தில் தளர்வும் இருந்தால் கியர் கோணல்.

வயரிங்கில் அவசரப்படாதே. 8 கேஜ் சிலிக்கான் வயர், 8 மில்லிமீட்டர் புல்லட் கனெக்டர். 25 வாட் சால்டரிங் அயர்ன் இதற்கு ஆகாது. 100 வாட்டும் அகலமான முனையும் வேண்டும். பலா மரத் துண்டு ஒன்றில் துளை போட்டுப் புல்லட்டை நிறுத்து. குழிக்குள் பாதி அளவு ஈயம் உருக விடு. ஃப்ளக்ஸ் தடவி முன்பே ஈயம் பூசிய வயரை உள்ளே அழுத்து. பளபளப்பு அடங்கும் வரை கை அசையாதே. ஆறியதும் பிடித்து இழுத்துப் பார். மணி மணியாக, மங்கலாக இருந்தால் அது குளிர்ந்த ஒட்டு. திரும்பச் செய், ஓட்டத்தில் அந்த ஒட்டுதான் உருகும்.

ஒரு பேட்டரியின் கருப்பை இன்னொன்றின் சிவப்போடு இணை. மிச்சமுள்ள இரண்டும் இ.எஸ்.சி.க்கு. அந்த இணைப்பில், மாட்டும்போது பொறி பறக்காமல் தடுக்கும் ஆன்டி-ஸ்பார்க் கனெக்டர் கட்டாயம். பேட்டரிப் பக்க வயரை நீட்டாதே. நீளம் கூடினால் ரிப்பிள் (வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கம்) ஏறி இ.எஸ்.சி.யின் கெபாசிட்டர்கள் வெந்துபோகும். நீட்டித்தான் ஆக வேண்டும் என்றால் 50 வோல்ட் லோ-இ.எஸ்.ஆர். (உள் மின்தடை குறைந்த) கெபாசிட்டர்களைக் கூடுதலாகப் போடு. 35 வோல்ட் வேண்டாம், முழுச் சார்ஜில் 33.6 வோல்ட் நிற்கும். இடம் பற்றாவிட்டால் மோட்டார்ப் பக்க வயரை நீட்டிக்கொள். சென்சர் இல்லாத மோட்டார் பின்னோக்கிச் சுற்றினால் மூன்றில் எந்த இரண்டையும் மாற்று. சென்சர் உள்ளதில் வயரை மாற்றாதே, செட்டிங்கில் திருப்பு.

த்ராட்டிலை இழுக்கும் குட்டி மோட்டாரான த்ராட்டில் சர்வோ இனி தேவையில்லை. ரிசீவரில் அந்தச் சானலில் இ.எஸ்.சி. பிளக் போகும். ஸ்டீயரிங் சர்வோ பெரியது, டயர் கல்லில் மாட்டினால் ஒரே இழுப்பில் பல ஆம்பியர் கேட்கும். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தர இ.எஸ்.சி.க்குள் இருக்கும் பி.இ.சி. தாங்காவிட்டால் ரிசீவர் ஒரு கணம் அணைந்து, வண்டி கைவிட்டுப் போகும். இந்த எடையுள்ள வண்டி குழந்தைகள் நிற்கும் பக்கம் போனால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். தனி பி.இ.சி. வாங்கு, வாங்கினால் இ.எஸ்.சி. பிளக்கின் சிவப்பு ஊசியை உருவி டேப் சுற்றிவிடு. ஃபெயில்சேஃபை (சிக்னல் அறுந்தால் வண்டி என்ன செய்ய வேண்டும் என்ற செட்டிங்) நியூட்ரலில் வைத்து, சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, டிரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதி. ஸ்டாண்டில் இருக்கும்போது முழு த்ராட்டில் கொடுக்காதே, டயர் ஊதிக் கிழியும்.

பிரேக்கை 30 சதவீதத்தில் தொடங்கு, ரிவர்ஸையும் அதே அளவில் வை. பேட்டரி இறங்கியதும் இ.எஸ்.சி. நிறுத்தும் கட்-ஆஃப் செல்லுக்கு 3.4 வோல்ட். 5000 மில்லியாம்பியர்-மணி பேட்டரியில் மொத்தம் 148 வாட்-மணி. 80 சதவீதம் பயன்படுத்தி, சராசரி 450 வாட் இழுத்தால் கால்மணி நேர ஓட்டம். டேங்க் நிறைத்து ஓடின பழக்கத்துக்கு இது குறைவாகத்தான் தெரியும். நிறுத்தியதும் அளந்து பார்: மோட்டார் 80 டிகிரியைத் தாண்டினால் பினியனில் ஒரு பல் குறை, பேட்டரி 60 டிகிரியை நெருங்கவே விடாதே. சார்ஜ் 5 ஆம்பியரில், சிமெண்ட் தரையில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது. ஓட்டாத நாட்களில் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வை.

நம்ம ஊருக்கென்று ஒரு கஷ்டம் உண்டு. மணவாளக்குறிச்சி கடற்கரை மணலில் இல்மனைட் என்ற கருங்கனிமம் இருக்கிறது. அரிய மணல் ஆலையே அங்கே அதற்காகத்தான் நிற்கிறது. தாளில் சுற்றிய நியோடிமியம் காந்தத்தை அந்த மணலில் இழுத்துப் பார், கருமணல் ரோமம் போல ஒட்டிக்கொண்டு எழும். மோட்டாருக்குள் ரோட்டரில் இருப்பதும் அதே காந்தம்தான். முகத்தில் காற்றுத் துளை உள்ள மோட்டார் என்றால் மணல் உள்ளே போய் ரோட்டரில் ஒட்டி, ஸ்டேட்டருக்கும் அதற்கும் நடுவே உரசும். பெட்ரோல் எஞ்சினில் ஏர் ஃபில்டர் பார்த்துக்கொண்டது, இதில் அது இல்லை. மூடிய உடல் உள்ள மோட்டார் வாங்கி, வெளியே ஃபேன் மாட்டு. கடற்கரையை விட்டுவிட்டுக் குலசேகரம் பக்கத்துச் செம்மண்ணில் ஓட்டினால் இன்னும் நல்லது. உப்புக் காற்றில் கனெக்டர் பச்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை கான்டாக்ட் கிளீனர் அடி.

அடுத்த வாரம் இந்தப் பக்கம் வரும்போது பழைய ஸ்பர் கியரையும் கிளட்ச் பெல்லையும் கையோடு கொண்டு வா. பல் எண்ணி, மாட்யூல் பார்த்து, என்ன பினியன் வாங்க வேண்டும் என்று இங்கேயே முடிவு செய்துவிடலாம்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி