பந்துப்பூச் செடி பிழைத்துக்கொண்டது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் நலம். முதலில் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஏப்ரல் முழுக்க நீ போனில் "என் ஹைட்ரேஞ்சியா எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டபோதெல்லாம் "அதுக்கென்ன, ஜம்முனு இருக்கு" என்றேன். வீடியோவில் காட்டச் சொன்னாய், சிக்னல் இல்லை என்றேன். ஏற்காட்டில் சிக்னல் இல்லை என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்? உண்மையில் அப்போது அந்தப் பந்துப்பூச் செடி சாகக் கிடந்தது. போனில் சொன்னால் நீ கத்துவாய். அதனால்தான் கடிதம்.

மார்ச் கடைசியில் சுற்றுச்சுவர் கட்டினோம் அல்லவா, கடைக்கால் சரியாக உன் பந்துப்பூச் செடி மேலேயே போனது. ஜூன் மழை விழட்டும், அப்புறம் பெயர்க்கலாம் என்று நான் சொன்னேன். மேஸ்திரி கேட்கவில்லை. சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருகிற மனுஷர். இப்போது விட்டால் மே மாதக் கோடை விழாக் கூட்டமெல்லாம் இறங்கின பிறகுதான் வருவேன் என்றுவிட்டார்.

அப்பாவும் ஓர் ஆளும் சேர்ந்து கடப்பாரை போட்டு நெம்பினார்கள். இந்தச் செடியின் வேர் ஆழமாகப் போவதில்லை; மேல்மண்ணிலேயே தலைமுடி மாதிரி சன்னமாகப் பரவிக் கிடக்கும். சுற்றிலும் அகலமாக வெட்டி, மண்ணோடு அப்படியே தூக்கியிருக்க வேண்டும். இவர்கள் நெம்பிய வேகத்தில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது, பாதி வேர் அறுந்தது. அப்புறம் மதியம் வரைக்கும் சாக்கில் கிடந்து, மூன்று மணிக்குச் சமையலறைப் பக்கம் குழிக்குள் போனது. மேற்கு வெயில் நேராக அடிக்கிற இடம். அதையும் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்கே இலையெல்லாம் ஈரத்துணி மாதிரித் தொங்கிவிட்டது. எனக்கு மனசு கேட்குமா? ஒரு குடம் ஊற்றினேன். மதியம் இன்னொன்று, விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னொன்று. போதாக்குறைக்கு, தெம்பு வரட்டும் என்று ஒரு கைப்பிடி யூரியா வேறு. பத்து நாளில் அடியிலைகள் மஞ்சளாகி, ஓரம் கருகி உதிரத் தொடங்கின. அப்பா "பிடுங்கிப் போட்டுட்டு ரோஜா வை" என்றார். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

கடைசியில் கீழ்வீட்டுத் தாத்தாவைக் கூப்பிட்டேன். எஸ்டேட்டில் காப்பி நாற்று பார்த்தவர் அல்லவா. வந்ததும் செடியைப் பார்க்கவில்லை. விரலை மண்ணுக்குள் விட்டு எடுத்து மோந்து பார்த்தார். என் மூக்குக்கு நேரே நீட்டினார். சாக்கடை வாடை! "வேரே இல்லாத செடிக்குக் குடம் குடமா ஊத்தினா யாரும்மா குடிக்கிறது? காப்பி நாத்தையே நாங்க மழை பிடிச்ச பிறகுதான் நடுவோம். நீங்க மார்ச்சுல பிடுங்கியிருக்கீங்க" என்றார். எனக்குப் பேச்சே இல்லை. பிறகு தண்டை நகத்தால் சுரண்டினார். நுனியில் வெறும் பழுப்பு. ஒரு சாண் கீழே சுரண்டியதும், தோலுக்கு அடியில் பச்சைப் பட்டாணி நிறத்தில் ஈரமாக ஒரு கோடு. "உசிர் இருக்கு" என்றார்.

அதன்பிறகு நான் செய்ததெல்லாம் செய்யாமல் இருந்ததுதான். ஒரு வாரம் தண்ணீர் கிடையாது. உரம் கூடவே கூடாது. தேங்கின நீர் வடிய ஓரமாக ஒரு வாய்க்கால் கீறினோம். மேற்கே பச்சை வலை கட்டினோம். இருந்த இரண்டு பூக்கொத்தையும் நறுக்கச் சொன்னார். வேரில்லாத செடி பூவைச் சுமந்தால் தாங்காதாம். சில்வர் ஓக் சருகை அடியில் பரப்பி, தண்டை ஒட்டி மட்டும் விலக்கி வைத்தேன். அப்புறம், காலையில் விரலை விட்டுப் பார்த்து, இரண்டு அங்குலம் காய்ந்திருந்தால்தான் தண்ணீர். மதியம் தொங்கினாலும் பதறக் கூடாது. சாயங்காலம் தானாக நிமிர்ந்தால் அது வெயில் அலுப்பு. விடியற்காலையிலும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும். நான் ஆறு மணிக்கு டீ டம்ளரோடு போய் நிற்பேன், நிமிர்கிறதா என்று.

மொட்டையாக நின்ற குச்சிகளை வெட்டிவிடுகிறேன் என்று அப்பா கத்தரிக்கோலோடு வந்தார். தாத்தா தடுத்துவிட்டார். இந்த வகையில் அடுத்த பூ பழைய குச்சியின் நுனி மொட்டிலிருந்துதான் வருமாம். நடுவில் பக்கத்து வீட்டு ஆடு ஒருநாள் எட்டிப் பார்த்தது. இந்த இலை ஆட்டுக்கு விஷம். செடியைக் காப்பாற்றினேனா ஆட்டைக் காப்பாற்றினேனா தெரியவில்லை, துரத்தினேன்.

மே இரண்டாம் வாரம், ஒரு கணுவில் நெல் அளவுக்குப் பச்சையாக ஏதோ முட்டியது. எதிர்ப்பக்கமும் ஒன்று. நாலைந்து நாளில் இரண்டும் விரிந்தன, மடித்த விசிறி மாதிரி, ஓரமெல்லாம் ரம்பப்பல்லோடு. இப்போது ஏழு கணுவில் தளிர் இருக்கிறது. போட்டோ அனுப்புகிறேன். சிக்னல் இருக்கிறது.

இனி ஒரு விஷயம் உன்னைக் கேட்க வேண்டும். பூ இனி நீலமாக வருமா என்பது சந்தேகம். நம் மலை மண் புளிப்பு மண், அலுமினியமும் உண்டு; இங்கே வெட்டின பாக்சைட் என்கிற அலுமினியக் கல்தானே மேட்டூருக்கு லாரியில் போனது. மண் புளிப்பாக இருந்தால்தான் அந்த அலுமினியம் கரைந்து செடிக்குள் போய்ப் பூ நீலமாகும். இப்போதோ பக்கத்தில் சிமென்ட் சுவர். பொறுக்க முடிந்த காரையை எல்லாம் பொறுக்கிவிட்டேன், இருந்தாலும் சுண்ணாம்பு இறங்கி மண்ணின் புளிப்பைக் குறைக்கத்தான் செய்யும். சேலம் மாமாங்கத்துச் சித்தி நம் செடியிலிருந்து குச்சி கொண்டுபோய் வைத்தாளே, ஞாபகம் இருக்கிறதா? அங்கே வெள்ளைக்கல் மண், உப்புத் தண்ணீர், புளிப்பே கிடையாது. ரோஸ் நிறத்தில் பூத்ததும், நான் வேறு செடியைக் கொடுத்து ஏமாற்றினேன் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

படிகாரம் கரைத்து ஊற்றினால் நீலம் வரும் என்கிறார்கள். அப்பா சேலம் போனபோது முதல் அக்ரகாரத்து நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ வாங்கி வந்துவிட்டார், ரோஜா என்று சொன்ன அதே மனுஷர்தான். தாத்தா, இந்த வருஷம் கைவைக்காதே, இளம் வேர் வெந்துவிடும் என்கிறார். எனக்கு ரோஸ் வந்தாலும் சரிதான். ஆனால் செடி உன்னுடையது. அடுத்த வருஷம் படிகாரம் போடவா, வேண்டாமா? ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல். கத்துவதாக இருந்தால் அப்பாவிடம் கத்து, கடப்பாரை போட்டது அவர்.

அன்புடன்,
அம்மா