சின்னம்மா வீட்டுக் கலியாணமும் தொண்ணூறு நாளும்

ஆஷ்ஃபோர்ட், கென்ட்
22 பெப்ரவரி 2026

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது. கடைசியில் அம்மா எழுதின இரண்டு வரியைத்தான் முதலில் வாசித்தேன். கண் ஒப்பரேசனுக்குப் பிறகு எழுத்து நேராக வருகிறது. இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிற குடும்பம் உங்களுடையது மட்டும்தான் என்று இங்கே பெடியள் பகிடி பண்ணுகிறார்கள். போனில் கதைத்தால் நீங்கள் சுகம் கேட்பீர்கள், நான் சுகம் என்பேன், பிறகு பக்கத்தில் நிற்கிற எல்லோரும் ஒவ்வொருவராகப் போனை வாங்கிச் சுகம் கேட்பார்கள். கேள்விக்கு மறுமொழி சொல்ல இதுதான் வசதி.

நீங்கள் கோபமாகக் கேட்ட கேள்விக்கு முதலில் வருகிறேன். சுபாவின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை முந்தியே பரிஸுக்குப் போய் நிற்கச் சொல்கிறீர்கள். சின்னம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை, மாப்பிள்ளையின் காலைக் கழுவத் தோழனாக நான்தான் நிற்க வேண்டும், இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு என்ன சாட்டு என்று கேட்டிருக்கிறீர்கள். பக்கம்தான். வானம் வெளித்திருந்தால் டோவரில் நின்று பார்க்கப் பிரான்சின் கலேக் கரை தெரியும். கப்பலில் ஒன்றரை மணித்தியாலம், கடலுக்கடியில் போகிற ரயிலில் லொறியை ஏற்றினால் 35 நிமிடம். ஆனால் என் கையில் நாள் இல்லை அக்கா.

இந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்த பிறகு, இங்கத்தைய பாஸ்போட்காரர், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஷெங்கன் நாடுகளுக்குள் எந்த 180 நாளை எடுத்தாலும் 90 நாளுக்கு மேல் நிற்க முடியாது. அந்தப் பாஸ்போட் எனக்குக் கிடைத்தது என்று கோயிலில் பொங்கினீர்களே, அதனால் வந்த வில்லங்கம்தான் இது. உல்லாசப் பயணிக்கும் 90, லொறி ஓட்டுகிறவனுக்கும் அதே 90. வேலைக்குப் போன நாளைக் கழிக்க மாட்டார்கள். போகிற நாளும் கணக்கு, திரும்புகிற நாளும் கணக்கு. இரவு 11 மணிக்கு எல்லையைக் கடந்தாலும் அன்றைய நாள் முழுதாகப் போய்விடும்.

முந்தி முத்திரைதான். ஒன்றின் மேல் ஒன்றாகக் குத்திக் கிடக்கும் முத்திரைகளைப் பார்த்துக் கூட்டிக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? போன வருடம் ஒக்டோபர் 12 ஆம் திகதியிலிருந்து மிசின் எண்ணத் தொடங்கிவிட்டது. டோவரில் முதலில் பிடித்தது லொறிகளையும் கோச் பஸ்களையும்தான். பிரெஞ்சுப் பொலிஸ் டோவரிலேயே இருக்கிறது, 2003 இல் போட்ட ஒப்பந்தம். முகத்தைப் படம் எடுத்து, வலது கையின் நாலு விரலையும் பதிந்து, எப்போது உள்ளே போனோம் எப்போது வெளியே வந்தோம் என்று 3 வருடத்துக்கு வைத்திருப்பார்கள். வருகிற ஏப்ரல் 10 ஆம் திகதிக்குள் ஷெங்கனின் எல்லா வெளி எல்லைகளிலும் இது முழுதாக நடைமுறைக்கு வர வேண்டும் என்பது ஏற்பாடு. என் விரல் மிசினுக்குப் பிடிபடவில்லை. அந்தப் பொலிஸ் பிள்ளை ஈரக் கடதாசி தந்து துடைக்கச் சொன்னா. துடைத்தால் போகிற கறையா? டீசலும், தார்ப்பாய் கட்டுகிற பட்டியும் லொறிக்காரர் எல்லோருடைய ரேகையையும் தின்றுவிடும். என் கையில் அதற்கு முந்தியே வாழைக்கயர்.

90 நாளை ஒரு நாள் தாண்டினாலும் தண்டம் வரலாம், உள்ளே போகத் தடையும் விழலாம். தடை விழுந்த சாரதியை எந்தக் கொம்பனி வைத்திருக்கும்? ஜனவரிக் கடைசியில் செர்பியா, பொஸ்னியா, மொண்டெனேக்ரோ, வட மசிடோனியாச் சாரதிகள் எல்லைகளில் லொறிகளை விட்டு மறித்தார்கள். அவர்களைச் சுற்றி ஷெங்கன் நெருங்கிக்கொண்டே வருகிறது. 2023 இல் குரோஷியா சேர்ந்தது, 2025 ஜனவரியில் ருமேனியாவும் பல்கேரியாவும் முழுதாக உள்ளே வந்துவிட்டன. எந்தப் பக்கம் லொறியைத் திருப்பினாலும் நாள் கழிகிறது. 90 நாள் முடிந்தால் மிச்ச மூன்று மாதமும் வீட்டில் குந்தியிருக்க வேண்டியதுதான். அவர்கள் கத்தியதில் ஒரு பிழையும் இல்லை.

என்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். எங்கள் மனேஜர் ஒவ்வொருவரின் நாளையும் கொம்பியூட்டரில் வைத்திருக்கிறான். அயர்லாந்துப் பாஸ்போட் இருக்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு இல்லை என்பதால் லியோன், மிலான் ஓட்டமெல்லாம் இப்போது அவர்களுக்கு. என்னை வேல்ஸ் துறைமுகம் ஹோலிஹெட்டால் டப்ளினுக்கு விடுகிறார்கள். அயர்லாந்து ஷெங்கனுக்குள் இல்லை, அங்கே நின்றால் நாள் கழியாது. மற்ற நாட்களில் இங்கேயே உள்ளூர் ஓட்டம். வெளியே படுக்கிற இரவுக்குத் தருகிற படிக்காசு இல்லைத்தான், ஆனால் சொந்தக் கட்டிலில் படுக்கலாம் அல்லவா? அந்த வீட்டையும் விட்டுவிட்டேன். தனி ஆளுக்கு எதற்கு அவ்வளவு பெரிய வீடு, கூட்டித் துடைக்கவே ஞாயிற்றுக்கிழமை போய்விடும். இப்போது ஒரு அறை. குசினி பொது. நல்ல ஆட்கள்.

பக்கத்து வீட்டு டெரிக் கிழவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஐரோப்பாவை விட்டு வெளியேற வேண்டும் என்று வாக்குப் போட்டவர், அதை மறைக்கவும் மாட்டார். ஆனால் ஒவ்வொரு மாரிக்கும் படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்த பெரிய வானை எடுத்துக்கொண்டு ஸ்பெயினுக்குப் போய், குளிர் முடியத்தான் வருவார். இப்போது 90 நாளில் திரும்ப வேண்டும். அவரோடு போன சிலர் நாள் முடிகிற நேரம் கப்பலேறி மொரோக்கோவுக்குப் போய்விட்டார்களாம். இவருடைய மனுசிக்குக் கடல் ஒத்துவராது. ஸ்பெயினில் வேலை செய்யாமல் நீண்ட காலம் இருக்க ஒரு விசா இருக்கிறது, அதற்கு மாதம் 2,400 யூரோ வருமானம் காட்ட வேண்டும். அவருடைய பென்சன் அவ்வளவு எட்டாது. அதனால் ஜனவரியில், புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்த ஒரு காலையில் வந்து இறங்கினார்.

இறங்கினார் என்று சொல்வதும் சரியில்லை. வானை வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இருக்கிறார். காற்சட்டையும் கறுப்புக் கண்ணாடியுமாக, முன்னால் ஒரு மடக்குக் கதிரை போட்டு, விறைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறார். மனுசி யன்னலைத் திறந்து கூப்பிட்டால் “மார்ச் வரைக்கும் நான் ஸ்பெயினில்” என்கிறார். என்னைக் கண்டால் போதும், கலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்து எந்த நாள் எப்போது கணக்கிலிருந்து விழும் என்று கேட்பார். இந்தத் தெருவில் நாள் பார்த்துச் சொல்கிற சாத்திரி இப்போது நான்தான். சம்பளமாக ஒரு பை தோடம்பழம் தந்தார், நல்ல இனிப்பு.

லண்டன் பெரியப்பாவுக்கும் இதே வருத்தம்தான், அவரிடம் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார். பெரியம்மா போன பிறகு பாதி வருடம் பரிஸில் மகளோடுதானே இருந்தார். இப்போது மூன்று மாதத்தில் திரும்ப வேண்டும். 99 யூரோ கட்டி, வருமானமும் காப்புறுதியும் காட்டினால் பிரான்சில் கூட நாள் இருக்க விசா எடுக்கலாம் என்று நான் படிவத்தைக் கூட எடுத்துக் கொடுத்தேன். “பெற்ற மகள் வீட்டுக்கு விசாவோ?” என்று கேட்டுப் படிவத்தை மேசைக்கு அடியில் போட்டுவிட்டார். நீங்கள் எழுதினால் கேட்பார், உங்கள் சொல்லைத் தட்டமாட்டார்.

சாப்பாட்டைப் பற்றி அம்மா கேட்டிருக்கிறா. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். லொறிக்குள் ஒரு சின்ன அடுப்பு இருக்கிறது. நாலரை மணித்தியாலம் ஓடினால் 45 நிமிடம் கட்டாயம் நிற்க வேண்டும், அந்த நேரத்தில் சூடாக்கிவிடலாம். ஆனால் இதிலும் எல்லை இருக்கிறது. இங்கிருந்து இறைச்சியோ பாலில் செய்ததோ ஐரோப்பாவுக்குக் கொண்டுபோகக் கூடாது. 2021 இல் இந்தச் சட்டம் வந்த புதிதில் ஒல்லாந்துத் துறைமுகத்தில் சாரதிகளின் சான்ட்விச்சைக் கூடப் பறித்தார்கள். மீனுக்கு அப்படித் தடை இல்லை. அதனால் நீங்கள் அனுப்பின கருவாடுதான் என் துணை. கலே லொறிப் பார்க்கில் கருவாட்டுக் குழம்பைச் சூடாக்கினேன், பக்கத்தில் நின்ற போலந்துக்காரன் தன் லொறியைக் கொண்டுபோய் மற்ற மூலையில் விட்டான். மறுபக்கமும் அடைத்துவிட்டார்கள். போன வருடம் ஏப்ரலில் இருந்து, கோமாரி நோய்ப் பயத்தில், அங்கிருந்து இறைச்சியும் பாற்பொருளும் கொண்டுவந்தால் இங்கே 5,000 பவுண்ஸ் வரை தண்டம் போடலாம். பரிஸுக்குக் கிட்ட ருஞ்சிஸ் மொத்தச் சந்தையில் சாமான் இறக்க நின்றபோது சின்னம்மா தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் வாங்கி, சுபாவிடம் கொடுத்துவிட்ட ஆட்டிறைச்சி ரோல்ஸ் முழுவதையும் கலே வந்து சேர முதல் சாப்பிட்டு முடித்தேன். கொட்ட மனம் வரவில்லை. அடுத்த நாள் வயிறு சொன்னது.

திரும்பி வருகிறபோது அந்த லொறிப் பார்க்கைத் தவிரக் கலேக்குக் கிட்ட வேறெங்கும் லொறியை நிறுத்தவே மாட்டோம். களவாக இங்கே வர ஒரு ஆள் பின்னால் ஒளிந்திருந்து பிடிபட்டால் ஆளுக்கு 10,000 பவுண்ஸ் வரை தண்டம். நாய் விட்டும் பார்ப்பார்கள், மூச்சுக்காற்றை அளக்கிற கருவியும் வைத்திருக்கிறார்கள். டோர்ச் அடித்து ஒவ்வொரு சீலையும் பார்க்கிற நேரம் எனக்குச் சின்னமாமாவின் ஞாபகம் வரும். அவர் இதே கலேயில் ரயர் லொறிக்குள் இருந்து வந்த கதையை அத்தானிடம் கேளுங்கள், எனக்கு எழுத மனமில்லை.

போன மாதம் ஹோலிஹெட்டில் கப்பல் ஓடவில்லை, காற்று. லொறிக்குள் படுத்திருந்தேன். நடுச்சாமத்தில் மழை பிடித்துவிட்டது. எங்கள் குசினித் தகரத்தில் விழுகிற சத்தம் அப்படியே. அம்மா “கொடியில் கிடக்கிற உடுப்பை எடடா” என்று சத்தம் போட்டது கேட்டு நான் எழும்பிக் கதவைத் திறந்தும்விட்டேன். முகத்தில் உப்புத் தண்ணீர் அடித்தது. பிறகு நித்திரை வரவில்லை. ஊருக்கு வர ஆசை இல்லை என்று நினைக்காதீர்கள் அக்கா. இந்தப் பாஸ்போட்டோடு வருவதென்றால் நீர்வேலிக்கு வரவும் 30 நாள் விசா எடுக்க வேண்டும். இரட்டைப் பிரஜாவுரிமைக்குக் கட்டுகிற காசைப் பிறகு பார்ப்போம், இப்போது அதற்கு அவசரமில்லை.

சரி, அலுவலுக்கு வருகிறேன்.

கலியாணம் வைகாசி நடுவில் என்று சின்னம்மா சொன்னா. கார்த்திகையில் நத்தார்ச் சாமானோடு நான் ஓடின நாட்கள் அப்போதுதான் ஒவ்வொன்றாக 180 நாள் கணக்கிலிருந்து விழத் தொடங்கும். அதுவரை என்னை டப்ளின் பக்கமே விடச் சொல்லி மனேஜரிடம் கேட்டிருக்கிறேன், சம்மதித்துவிட்டான். முதல்நாள் வந்து, தோழனாக நின்று, நாலாம் சடங்கு முடிய வெளிக்கிடுவேன். இரண்டு கிழமை முந்தி வர வழியில்லை. சின்னம்மாவிடம் நீங்களே பக்குவமாகச் சொல்லுங்கள், நான் சொன்னால் அழுவா. சுபாவும் மாப்பிள்ளையும் பிறகு லண்டன் பார்க்க வருவதென்றால் பிரெஞ்சுப் பாஸ்போட் இருந்தாலும் முன்கூட்டியே ஆளுக்கு 16 பவுண்ஸ் கட்டி அனுமதி எடுக்க வேண்டும். வருகிற 25 ஆம் திகதியில் இருந்து அது இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள்.

அம்மாவைக் கலியாணத்துக்கு அனுப்புவதென்றால் இப்போதே தொடங்குங்கள். விசாக் கட்டணம் 90 யூரோ. சின்னம்மா தன் நகரசபையில் வரவேற்புப் பத்திரம் எடுத்து அனுப்ப வேண்டும், அதன் மூலப்பிரதி வேண்டும், போட்டோப்பிரதி செல்லாது. காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையாமல் இருக்கட்டும். பரிஸுக்கு எடுக்கிற விசாவில் இங்கே வர முடியாது. இந்த நாட்டுக்குத் தனியாக 127 பவுண்ஸ் கட்டி ஆறுமாத விசா எடுக்க வேண்டும். முதலில் பரிஸ் கிடைக்கட்டும். என் அறையில் இரண்டாவது கட்டிலுக்கு இடம் பார்க்கிறேன்.

தெற்குக் காணி உறுதியை என் பெயரில் எழுத வேண்டாம். நான் இப்போது வெளிநாட்டுக்காரன், பிறகு கச்சேரி, நொத்தாரிசு என்று நீங்கள்தான் அலைவீர்கள். உங்கள் பெயரிலேயே எழுதுங்கள், அத்தானுக்கும் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். வேலிக் கதியாலை நடராசா மாமா மறுபடி இந்தப் பக்கம் தள்ளி நட்டிருந்தால் சண்டைக்குப் போகாதீர்கள், உறுதி எழுத முதல் நில அளவையாளரைக் கூப்பிட்டுக் கல்லைப் போட்டுவிடுங்கள்.

இந்த மாதச் சீட்டுக் காசை மட்டும் நீங்கள் கட்டிவிடுங்கள், சித்திரையில் சேர்த்து அனுப்புகிறேன். புயல் வெள்ளம் புகுந்த கிணற்று மோட்டரைத் திருத்தப் பழைய ஆளையே கூப்பிடுங்கள். சந்தியில் புதிதாகக் கடை திறந்தவன் போன முறை வைண்டிங்கை எரித்துவிட்டுக் காசும் வாங்கினவன்.

அன்புடன்,
தம்பி ராசன்