அலா வாய் குத்தகை பற்றி நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி தணிந்து மாடிப்படி ஏறத் தொடங்கிவிட்டீர்கள் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஹவாய் அரசின் சிறு படகுத் துறைமுகங்களைத் தனியாருக்குக் குத்தகைக்கு விடும் பேச்சு ஏன் ஓய்வதே இல்லை என்று கேட்டிருந்தீர்கள். ஹொனலூலுவின் அலா வாய் துறைமுகத்தில் படகு கட்டியிருக்கும் எனக்கு அது சொந்த வீட்டு வழக்குப் போன்றது.

இத்துறைமுகங்கள் 1992இல் போக்குவரத்துத் துறையிடமிருந்து நிலம் மற்றும் இயற்கை வளத் துறைக்கு மாறின. படகு வைத்திருப்போர் செலுத்தும் கட்டணமும், எரிபொருள் வரியில் ஒரு பங்கும் சேரும் தனி நிதியிலிருந்துதான் இவற்றின் செலவு பெரும்பாலும் நடக்க வேண்டும். உப்பு நீர் காங்கிரீட்டுக்குள் ஊறினால் உள்ளே கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காங்கிரீட்டைப் பிளந்துவிடும் என்பதை ஆயுள் முழுதும் கட்டுமானத்தில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. படகு கட்டும் பழைய மேடைகளை மாற்ற அந்த நிதி போதாது என்பதால், அரசு வெளி முதலீட்டை நாடுவதையே நான் குறை சொல்லவில்லை.

ஆனால் முதலீட்டாளர் எதைத் தேடி வருவார்? வைக்கீக்கி என்ற சுற்றுலாக் கடற்கரையை ஒட்டி ஏறக்குறைய 700 படகுகளுக்கு இடமுள்ள அலா வாயைத்தான். அதன் வருமானம் மாநிலம் முழுவதற்குமான நிதியில் சேர்ந்து, வரவு குறைந்த மற்றத் தீவுகளின் துறைகளையும் படகு இறக்கும் சரிவுகளையும் தாங்குகிறது. கறவை மாட்டை ஓட்டிக் கொடுத்துவிட்டுக் கன்றுகளை அரசே வளர்க்கட்டும் என்பது என்ன கணக்கு?

குத்தகைக் காலமும் அச்சமூட்டுகிறது. இங்கே அரசு நிலத்தை 65 ஆண்டுகள் வரை குத்தகைக்கு விடலாம். கடன் கொடுக்கும் வங்கி நீண்ட காலம் கேட்கும் என்பது புரிகிறது. எனினும் காலம் முடியும் தறுவாயில், திருப்பிக் கொடுக்கப்போகும் கட்டடத்துக்கு எவரும் பணம் போட மாட்டார். ஹவாயின் ஹிலோ நகரில் பானியன் டிரைவ் என்ற சாலையில் அரசு நிலத்தில் குத்தகைக்கு எழுந்த விடுதிகள் சில அவ்வாறே சிதைந்ததை ஊரே பார்த்தது.

பொது நிலத்தைக் கைமாற்றுவது பற்றி ஒரு பழைய வழக்கும் உண்டு. 1869இல் இல்லினாய் மாநிலச் சட்டமன்றம் சிகாகோ துறைமுகத்தில் 1,000 ஏக்கருக்கு மேற்பட்ட நீரடி நிலத்தை ஒரு ரயில் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, 1873இல் அதை ரத்துச் செய்தது. அந்த ரத்து செல்லும் என்று 1892இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு மக்களின் அறங்காவலராக வைத்திருக்கும் நிலத்தை அப்படி மொத்தமாகக் கைமாற்ற முடியாது என்பதே அதன் சாரம். இன்று சிகாகோவின் அதே மிச்சிகன் ஏரிக்கரையில் படகுத் துறைமுகங்கள் நகரப் பூங்கா வாரியத்தின் உடைமையாகவே இருக்கின்றன. அன்றாட நிர்வாகத்தை மட்டும் ஒரு தனியார் நிறுவனம் ஒப்பந்தப்படி பார்க்கிறது. அலா வாய்க்கும் இந்த வழியைத்தான் நான் விரும்புகிறேன். உடைமையும் கட்டணம் விதிக்கும் அதிகாரமும் அரசிடம் இருக்கட்டும். வேலையை ஒப்பந்தக்காரர் செய்யட்டும், செய்யாவிட்டால் மாற்றப்படட்டும்.

போன ஞாயிறு விடியற்காலையில் பக்கத்துப் படகின் முதியவர், தீயணைப்புக் குழாயின் பழைய துண்டொன்றைக் கயிறு உரசும் இடத்தில் சுற்றி, பல்லால் கடித்து நூலை இறுக்கிக் கொண்டிருந்தார். புதுக் கயிறு வாங்கினால் அந்த மாதக் கட்டணம் இடிக்கும் என்றார். ஓய்வூதியத்தில் படகு வைத்திருக்கும் அவரைப் போன்றவர்களுக்குக் கட்டண உயர்வு பொது விசாரணை கடந்துதான் வர வேண்டும் என்ற விதியே இன்றைய பாதுகாப்பு. கட்டணத்தை நிறுவனமே முடிவு செய்யலாம் என்று குத்தகைப் பத்திரத்தில் ஒரு வரி நுழைந்தால் அது போய்விடும்.

சட்டமன்றக் குழுவுக்கு என் கருத்தை எழுதி வருகிறேன். இறுதி ஆண்டுகளின் பராமரிப்புக்காகத் தொடக்கத்திலிருந்தே வைப்புத்தொகை கேட்கும் பிரிவு மட்டும் சரியாக வாய்க்கவில்லை. இத்துடன் அனுப்புகிறேன், நீங்கள் எத்தனையோ ஒப்பந்தங்கள் எழுதியவர், தயங்காமல் திருத்தி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்