முதல் ஐந்து கிலோமீட்டரைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் தென்னாப்பிரிக்காவின் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டம் முடிந்த மறுநாள், கழுத்தில் பதக்கத்தோடு நிற்கும் நம்மவர் படங்களைத் தாங்கள் முதல் பக்கத்தில் வெளியிடுகிறீர்கள். டர்பனுக்கும் பீட்டர்மரிட்ஸ்பர்குக்கும் இடையே ஏறத்தாழ 85 முதல் 90 கிலோமீட்டர் வரை நீளும் இந்த ஓட்டம் 1921 மே 24ஆம் நாள் 34 பேருடன் தொடங்கியது. 1975ஆம் ஆண்டு வரை வெள்ளையர் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் அதிகாரபூர்வமாக எண் தாங்கி ஓடும் உரிமை வழங்கப்படவில்லை. ஆகவே அந்தப் படங்களில் நம் பிள்ளைகளின் முகங்களைக் காண்பதன் அருமையை மூத்த வாசகர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எனினும் எனக்கு ஒரு குறை உண்டு. பன்னிரண்டு மணி நேர ஓட்டத்தைப் பற்றி இவ்வளவு எழுதும் நம் பத்திரிகை, இதுவரை ஓடியே இராத ஒருவர் முதல் பத்து நிமிடத்தை எப்படி ஓடுவது என்பதைப் பற்றி ஏறக்குறைய ஒன்றுமே எழுதுவதில்லை.

அதன் விளைவை, டர்பனில் நம்மவர் மிகுதியாக வாழும் சாட்ஸ்வொர்த்தில் ஒவ்வொரு ஜூன் மாதமும் பார்க்கலாம். தொலைக்காட்சியில் நாள் முழுவதும் காம்ரேட்ஸைப் பார்த்துவிட்டு, அடுத்த வாரமே புதிய டக்கீஸ் (ஓட்டக் காலணி) வாங்கி மாட்டிக்கொண்டு இளைஞர்கள் தெருவில் இறங்குகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி சென்ற ஆண்டு அப்படித்தான் இறங்கினார். வாசலைத் தாண்டியதுமே முழு வேகம். தெருவோ செங்குத்தான மேடு. மேட்டின் தலைக்குப் போவதற்குள் இரு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றுவிடுவார். ஆனாலும் ஒரு நாள்கூட விடாமல் ஓடினார். மூன்றாவது வாரத்தில் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே, எலும்பின் உட்புற ஓரத்தில், விரல் வைத்தாலே துள்ளுகிற வலி வந்தது. டக்கீஸ் கட்டிலுக்கு அடியில் போயிற்று. வீட்டார் அதைச் சோம்பல் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இதயமும் நுரையீரலும் தேறிவிடுகின்றன. மூச்சு முன்போல வாங்குவதில்லை. எலும்பும் தசைநாரும் அப்படியல்ல. புதிய சுமைக்குப் பழக அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். 'இன்னும் ஓடலாம்' என்று மூச்சு சொல்லும் நாளில் கால் அதற்குத் தயாராக இருப்பதில்லை. தொடக்கநிலை ஓட்டக்காரர்களுக்கு வரும் காயங்களில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. இதற்கு மருந்து மெதுவாக ஓடுவது. அதுவும் வெட்கப்படும் அளவுக்கு மெதுவாக. பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. ஒற்றைச் சொற்களாக உதிர்ந்தால் அது அதிகம். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் எவரும் விரதம் இருந்து உடலைப் பக்குவப்படுத்தாமல் அன்று காலையில் எழுந்து நேராகக் காவடியைத் தூக்குவதில்லை. ஓட்டத்துக்கு மட்டும் ஏன் அந்த அவசரம் என்று விளங்கவில்லை.

நடையும் ஓட்டமும் கலந்த முறையே புதியவர்களுக்கு உகந்தது. அமெரிக்கரான ஜோஷ் கிளார்க் 1996இல் வகுத்த, ஐந்து கிலோமீட்டர் ஓடப் பழக்கும் ஒன்பது வாரத் திட்டம் உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடந்து உடலைச் சூடேற்றிக்கொண்டு, பிறகு 60 விநாடி மெல்லோட்டமும் 90 விநாடி நடையுமாக இருபது நிமிடம் மாறி மாறிச் செய்ய வேண்டும். வாரத்துக்கு மூன்று நாள் போதும். ஓடாத நாள் வீணான நாள் அல்ல. கால் வலுப்பெறுவது அன்றுதான். ஒன்பது வாரம் என்பதைப் பன்னிரண்டாகவோ பதினைந்தாகவோ நீட்டிக்கொண்டால் யாரும் கேட்கப் போவதில்லை. ஐம்பதைக் கடந்தவர்கள் நீட்டிக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து. சாட்ஸ்வொர்த்தின் மேடுகளை முதல் இரண்டு மாதம் மறந்துவிட்டுச் சமதளத்தைத் தேடிப் போவதும் நலம். டர்பன் கடற்கரை நடைபாதையைப் போன்ற சமதளம் வேறெங்கே இருக்கிறது? காலணியைப் பொறுத்தவரை விலையைப் பார்க்க வேண்டாம். பாதம் சற்றே வீங்கியிருக்கும் மாலை வேளையில் கடைக்குப் போய், கால் பெருவிரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்நாட்டு இந்திய வம்சாவளியினரிடையே நீரிழிவும் இரத்த அழுத்தமும் மிகுதி. ஓட்டம் இரண்டுக்கும் நன்மை செய்யும். ஆனால் மருந்து உட்கொள்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை அளவு திடீரென்று இறங்கலாம் என்பதால் சட்டைப்பையில் நாலு இனிப்பு மிட்டாய் எப்போதும் இருக்கட்டும்; வீடு திரும்பியதும் பாதத்தில் கொப்புளமோ கீறலோ உண்டா என்று பார்த்துவிட வேண்டும். தண்ணீர் விஷயத்திலும், எவ்வளவு குடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்ற தவறான எண்ணம் நிலவுகிறது. அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் உப்புச் சத்து ஆபத்தான அளவுக்குக் குறையும் என்பதை, காம்ரேட்ஸ் ஓட்டக்காரர்களை ஆராய்ந்தே, கேப் டவுனைச் சேர்ந்த விளையாட்டு மருத்துவ ஆய்வாளர் டிம் நோக்ஸ் 1985இல் எழுதினார். தாகம் எடுக்கும்போது குடித்தால் போதும். அரை மணி நேர ஓட்டத்துக்கு இடுப்பில் குப்பிகளைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதில்லை.

காம்ரேட்ஸை ஒன்பது முறை வென்ற புரூஸ் ஃபோர்டைஸ்தான் 2011இல் பார்க்ரன் ஓட்டத்தை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்பதை நம் இளைஞர்களில் எத்தனை பேர் அறிவார்கள்? சனிக்கிழமை தோறும் காலையில் ஐந்து கிலோமீட்டர். கட்டணம் இல்லை, ஒருமுறை பதிவு செய்தால் போதும், நேரக் கெடுவும் இல்லை. கடைசியில் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பதால், புதியவர் எவரும் கடைசி ஆளாக வந்து சேர நேர்வதில்லை. டர்பனின் நார்த் பீச் கடற்கரையில் நடக்கும் பார்க்ரன்னில் அண்மையில் ஒரு காட்சியைக் கண்டேன்: சல்வாரும் டக்கீஸும் அணிந்த நம் ஊர் அக்கா ஒருவர், கடைசியில் வரும் அந்தத் தொண்டரான சூலு இனப் பெண்மணியோடு சமையல் பேசியபடியே எல்லைக்கோட்டைக் கடந்தார். பேச முடிகிற வேகம் என்று மேலே சொன்னேனே, அது அவருக்குச் சொல்லிக்கொடுக்காமலே வாய்த்திருந்தது.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டர்பனில் புழுக்கம் இல்லை. ஓடத் தொடங்க இதைவிட ஏற்ற பருவம் கிடையாது. ஆனால் ஜூன், ஜூலை மாதங்களில் மாலை ஐந்து மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. காலையில் ஆறரைக்குப் பின்னரே வெளிச்சம். வேலைக்குப் போகும் பெண்கள் தனியாக ஓட அஞ்சுவது முற்றிலும் நியாயமானது. 'துணிந்து போ' என்று அறிவுரை சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

ஆகவே இரண்டு வேண்டுகோள்கள். ஜூலை தொடங்கிப் புரட்டாசி விரதம் வரும் வரையில், வாரம் ஒருமுறை புதிய ஓட்டக்காரர்களுக்கென்று தங்கள் நாளிதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். அந்த வாரம் எத்தனை நிமிடம் ஓடுவது, எத்தனை நிமிடம் நடப்பது, எங்கே கூடுவது என்பது மட்டும் இருந்தால் போதும். கோயில் நிர்வாகக் குழுவினரும் தமிழ்ச் சங்கத்தாரும் ஞாயிறு காலை ஏழு முதல் ஒன்பது வரை வாகன நிறுத்தத்தின் கதவையும், மண்டபத்தின் கழிப்பறையையும், ஒரு தண்ணீர்க் குழாயையும் திறந்துவைக்க முன்வர வேண்டும். அங்கிருந்து பெண்கள் குழுவாகப் புறப்பட்டு, குழுவாகத் திரும்பி வர முடியும். செலவு என்று பார்த்தால் காவலாளிக்கு இரண்டு மணி நேரக் கூலி மட்டுமே; முதல் ஆண்டுக்கு அதை ஏற்றுக்கொள்ள எங்கள் தெருவில் சிலர் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
சாட்ஸ்வொர்த் வாசகர் ஒருவர்,
டர்பன்