அஞ்சே முக்காலும் 5.12-ம் ஒண்ணு இல்லீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

நான் பந்தலூர் பக்கத்துல இருந்து எழுதுறேன், அங்கன்வாடி டீச்சரா இருந்து ரிட்டயர்டு ஆனவ. போன வாரம் உங்க பேப்பர் கடைசிப் பக்கத்துல, இங்கிலாந்துல பொறந்த ரெட்டைக் குழந்தைங்க பத்தி சின்னதா ஒரு செய்தி வந்துச்சு. ஒண்ணு 5.12 பவுண்ட், இன்னொண்ணு 5.8 பவுண்ட், ரெண்டாவது பொறந்தது தான் எடை ஜாஸ்தின்னு போட்டிருந்தீங்க.

இத்தனை வருஷம் தொங்கு தராசுல குழந்தைங்கள எடை போட்டு அட்டைல புள்ளி வெச்ச கை, சும்மா இருக்குமா, உடனே கிலோவாக்கிப் பாத்தேன். 5.12-ன்னா 2 கிலோ 320 கிராம் வருது. பொறக்கும்போது ரெண்டரை கிலோவுக்குக் கொறஞ்சா எடை குறைவுன்னு தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது, அதனால ஐயோ பாவம் மொத குழந்தைன்னு நெனச்சேன். அப்புறம் தான் அந்த 12 உறுத்துச்சு, யாரு குழந்தை எடையை பவுண்ட்ல ரெண்டு புள்ளி தள்ளி எல்லாம் சொல்றாங்க? அங்க லண்டன்ல நர்ஸா இருக்கிற என் தம்பி மகன்கிட்ட வாட்ஸ்அப்ல கேட்டேன், அவன் சிரிச்சிட்டு சொன்னான், "அத்தை, அது அஞ்சு பவுண்ட் பன்னண்டு அவுன்ஸ், ஆஸ்பத்திரில கிலோல தான் எடை போடுவாங்க, ஆனா வீட்ல பாட்டி தாத்தாவுக்கு பவுண்டும் அவுன்ஸுமா சொன்னா தான் புரியும்"ன்னு.

விஷயம் இவ்வளவு தாங்க. ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ், பத்து இல்ல. அப்ப 12 அவுன்ஸ்ங்கிறது முக்கால் பவுண்ட், அந்தக் குழந்தை அஞ்சே முக்கால் பவுண்ட், அதாவது 2 கிலோ 600 கிராமுக்குக் கொஞ்சம் மேல, நல்லா தான் இருக்கு. இன்னொண்ணு அஞ்சு பவுண்ட் எட்டு அவுன்ஸ், அஞ்சரை பவுண்ட், கிட்டத்தட்ட அந்த ரெண்டரை கிலோ கோட்டுல நிக்குது. எடை கூட எதுன்னா மொதல்ல சொன்ன குழந்தை தான், நீங்க போட்டதுக்கு அப்படியே தலைகீழ்! அவுன்ஸுக்கு முன்னாடி ஒரு புள்ளிய வெச்சதுல அண்ணன் தம்பியாயிட்டான் பாருங்க.

1957-க்கு முன்னாடி இங்க ரூவாய்க்கு 16 அணா தானே. அஞ்சு ரூவா பன்னண்டணாவ யாராச்சும் 5.12 ரூவான்னு எழுதுவாங்களா, இப்பவும் வயசானவங்க எட்டணான்னா அரை ரூவான்னு தானே சொல்றாங்க, அவுன்ஸும் அதே கணக்கு தான். நாங்க சிலோன்ல இருந்து வந்தவங்க, அங்க ரூவாய்க்கு நூறு சதம், அதனால அணா எங்க வீட்டுக்குத் தெரியாது. ஆனா ராத்தல் தெரியும். பவுண்டத் தான் நாங்க ராத்தல்ம்போம், பாண், அதாங்க ரொட்டி, வாங்கினாலும் ராத்தல், தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுத்தாலும் ராத்தல்.

இந்தப் பக்கம் வந்தப்ப இங்க எல்லாம் கிலோ. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனா கணக்கப்பிள்ளை 22 கிலோன்னு எழுதினா தராசு பக்கத்துல நின்னுக்கிட்டே நாப்பத்தெட்டு ராத்தல்னு சொல்லிடுவாங்க. எப்படின்னு கேட்டா, கிலோவ ரெட்டிச்சுக்க, பத்து கிலோவுக்கு ரெண்டு ராத்தல் மேல சேத்துக்கன்னு சொல்வாங்க. நானும் பல தடவ சரி பாத்திருக்கேன், அரை ராத்தல் முன்ன பின்ன வரும், அவ்வளவு தான். திருப்பி ராத்தல்ல இருந்து கிலோவுக்கு வரணும்னா பாதியாக்கி அதுல பத்துல ஒரு பங்க கழிச்சிடுங்க, 50 ராத்தல்னா 25, அதுல ரெண்டரை போனா இருவத்திரெண்டரை, சரியான கணக்கு 22.68. செய்தி எழுதுற தம்பிங்களுக்கு கால்குலேட்டர் இருக்கு, ஆனா அதுல 5.12-ன்னு அடிச்சா அது பாவம் என்ன பண்ணும்.

பெரிய எடைக்குப் போனா இன்னும் கூத்து. எங்க அப்பா உர மூட்டைய அந்தர் கணக்குல சொல்வாரு, வெள்ளக்காரன் ஹண்ட்ரட்வெயிட்ட நம்ம ஆளுங்க அந்தராக்கிட்டாங்க. பேருல ஹண்ட்ரட்னு இருக்கு ஆனா 112 ராத்தல், ஏன்னா 14 ராத்தல் ஒரு ஸ்டோன், எட்டு ஸ்டோன் ஒரு அந்தர். இருவது அந்தர் ஒரு டன், 2240 ராத்தல், நம்ம கிலோல 1016. அமெரிக்காக்காரன் டன் 2000 ராத்தல் தான், 907 கிலோ. நம்ம டன்னோ 1000 கிலோ. மூணையும் நீங்க டன்னுன்னு தான் போடுறீங்க, எந்த ஊரு டன்னுன்னு ஒரு வார்த்தை சேத்தா என்ன?

ஸ்டோன்னதும் ஞாபகம் வருது, கொஞ்ச நாள் முன்னாடி குத்துச்சண்டை செய்தில ஒருத்தரு "12 கல் எடை கொண்டவர்"னு போட்டிருந்தீங்க. டீக்கடைல அதப் படிச்சிட்டு என்ன கல்லு, படிக்கல்லா செங்கல்லான்னு ஒரே சிரிப்பு. 12 ஸ்டோன்னா 168 பவுண்ட், 76 கிலோ, அவ்வளவு தான். எங்க பக்கத்து வீட்டு அக்கா பவுண்டையும் பவுனையும் ஒண்ணாக்கி, அஞ்சு பவுனுக்கு என்னடி குழந்தைன்னு கேட்டது தனிக் கதை.

தங்கம் விலை போடுறப்பயும் பாத்துப் போடுங்க, சர்வதேச விலைல சொல்ற அவுன்ஸ் வேற. அது ட்ராய் அவுன்ஸ், 31.1 கிராம், குழந்தை எடைல வர்ற அவுன்ஸ் 28.35 கிராம். ட்ராய் அவுன்ஸ் விலைய 28.35-ஆல வகுத்தா கிராம் விலை நூத்துக்குப் பத்து ரூவா ஏறிப் போயிடும்.

அதனால வெளிநாட்டு செய்தில எடை வந்தா "5 பவுண்ட் 12 அவுன்ஸ்"னு முழுசா எழுதி, பக்கத்துல கிலோவும் போடுங்க, புள்ளி மட்டும் வேணாம். அந்த ரெட்டைக் குழந்தைங்க செய்திக்கும் ஒரு திருத்தம் போட்டுடுங்க, எடை கூட எதுன்னு.

இப்படிக்கு
ஒரு வாசகி, பந்தலூர், நீலகிரி