சேமிப்புக் கணக்கைத் திறந்துகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கும் பெண்களின் சேமிப்புக் கணக்கு, கடந்த ஞாயிறு முதல் மூன்று நிரல்களிலும் ஒன்றுபோலத் திறக்கிறது. போனில் பதிவைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டுவது (மறைகுறியாக்குவது) ஜாவா மொழி நிரல், சர்வரில் திறப்பது பிஎச்பி நிரல், மாத முடிவில் சரிபார்ப்பது பைதான் நிரல். ஆறு வாரம் இவை மூன்றும் ஒத்துப்போகவே இல்லை.

முதல் நன்றி கொட்டகலைக் கணித ஆசிரியருக்கு. நாங்கள் பூட்டப் பயன்படுத்துவது ஏஇஎஸ் (AES) என்ற மறைகுறியாக்க முறை. அதன் தரம் 2001இல் வெளியானபோதே விடையுடன் மாதிரிக் கணக்கும் அதில் தரப்பட்டிருக்கிறது. "முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்" என்றார் சார். மூன்றிலும் அதே விடை வந்தது. பூட்டில் பழுதில்லை, நாம் கொடுப்பதில்தான் பழுது என்று அன்றே தெளிந்தது.

பண்டாரவளைத் தம்பி இரவோடிரவாக அடுத்ததைப் பிடித்தார். ஜாவாவிடம் வெறுமனே 'ஏஇஎஸ்' என்று சொன்னால் அது ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே பூட்டும் ஈசிபி (ECB) முறையை எடுத்துக்கொள்கிறது. நான் பிஎச்பியில் எழுதியிருந்ததோ, ஒவ்வொரு துண்டையும் முன்பு பூட்டிய துண்டோடு கலந்து பூட்டும் சிபிசி (CBC). இரண்டிலும் சிபிசி என்று வெளிப்படையாக எழுதி, ஒவ்வொரு பதிவுக்கும் முதல் துண்டோடு கலக்கப் புதிதாக 16 பைட் தொடக்க மதிப்பைச் சேர்த்து அனுப்பியதும் எல்லாப் போன்களின் பதிவுகளும் திறந்தன, ஒன்றைத் தவிர.

அந்த ஒன்று எங்கள் குழுத் தலைவி அக்காவின் போன். "தம்பி, அதே கடவுச்சொல்லை மற்றப் பிள்ளையின் போனில் அடித்தால் சரியாக இருக்கிறது, என்னுடையதில் அடித்தால்தான் வராது" என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எழுத்துப்பிழை என்றே நினைத்தேன். அக்கா, உங்களிடம் மன்னிப்பும் கேட்கிறேன்.

கடவுச்சொல் 'கொழுந்து' என்று தொடங்கும் (இப்போது மாற்றிவிட்டோம்). இரண்டு போன்களிலும் அதை அடித்து, பைட்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். அந்த ஒரு சொல் ஒன்றில் 24 பைட், அக்காவின் போனில் 27. 'கொ' எழுத்தின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகவும் பதியலாம், தனித்தனிக் குறிகளாகவும் பதியலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் கடவுச்சொல்லிலிருந்து பிறக்கும் சாவி முழுவதும் வேறாகிவிடும். சர்வர் சொன்னதோ 'பேடிங் பிழை' (கடைசித் துண்டை நிரப்பச் சேர்த்த பைட்கள் சரியில்லை) என்பது மட்டும். சாவி செய்வதற்கு முன் கடவுச்சொல்லை யூனிகோடின் என்எஃப்சி (NFC) வடிவத்துக்கு, அதாவது இப்படிப் பிரிந்த குறிகளை ஒரே குறியாகச் சேர்க்கும் வடிவத்துக்கு, மாற்றும் வரியை மூன்று நிரல்களிலும் சேர்த்தோம்.

அந்த வரியை எழுதிக்கொடுத்த கொழும்பு அண்ணாவுக்கும், மின்சாரம் போன இரவில் தன் கடை ஜெனரேட்டரில் எங்களுக்கு இடம் கொடுத்த முதலாளிக்கும் என் நன்றி.

ஞாயிறு காலை அக்கா தம் போனிலேயே சந்தாவைப் பதிந்தார். சர்வரில் அது உடனே திறந்தது.

அன்புடன்,
குழுவின் கணக்கு நிரலை எழுதியவன்