'பாடமும் நடத்துகிறார்' என்ற ஒற்றை வரி

ஐயா,

சுடுமண் சிற்பி ஒருவரைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை கண்காட்சிகளையும் விருதுகளையும் விரிவாகச் சொல்லிவிட்டு, 'கல்லூரியில் பாடமும் நடத்துகிறார்' என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டது. எனக்கு அதுதான் குறை.

வகுப்பில் மாணவர் வனைந்த தலைச் சிற்பம் வெளியே அழகாக இருக்கும். உள்ளே மண் கெட்டியாக நிறைந்திருக்கும். ஈரம் காயாமல் சூளைக்குள் போனால், வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும்போதே நீராவி அதை வெடிக்கவைத்துப் பக்கத்துக் கலங்களையும் நொறுக்கிவிடும். தலையை இரண்டாக அறுத்து, கம்பி வளையத்தால் உள்மண்ணைச் சுரண்டியெடுத்து, விளிம்பைக் கீறி, நீரில் குழைத்த களிமண் பூசி மறுபடி ஒட்டுவதை ஆசிரியர் அருகில் நின்று செய்துதான் காட்ட வேண்டும். அதற்குள் அவருடைய சொந்தச் சிற்பம் ஒருபக்கமாகக் காய்ந்து விரிசல் விட்டிருக்கும்!

அமெரிக்காவின் சுடுமண் சிற்பி பீட்டர் வோல்கஸ் 1959 முதல் 1985 வரை பெர்க்லியிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். அதற்கு முன் லாஸ் ஏஞ்சலிஸில் அவரிடம் பயின்ற ஜான் மேசன், கென் பிரைஸ் போன்றோரை விட்டுவிட்டு அவருடைய கலை வாழ்க்கையை யாரும் எழுதுவதில்லை. அடுத்த முறை மாணவர்கள் இருவரையாவது பேட்டி காணுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்